உன் கண்ணின் உண்மையான நம்பர்

மகன்,

அடுத்த கிழமை கண் டொக்டரின் கந்தோரில் இருந்து உனக்கு ஒரு போன் வரும். வருகிற மாதம் செய்வதாக இருந்த ஒப்பரேஷனை நிறுத்தியாச்சு என்று அந்த நர்ஸ் பிள்ளை சொல்லும். அதற்கு முதல் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். நிறுத்தச் சொன்னவன் நான். காரணம் கீழே நீளமாய் இருக்கிறது, என் கையெழுத்தும் உனக்குத் தெரிந்த கையெழுத்துத்தான், ஆறுதலாய் வாசி. ஆனால் ஒன்றை மட்டும் இந்த இடத்திலேயே வாசித்துவிடு: உன் கண் கெட்டுக்கொண்டு போகவில்லை. நான்கு வருடத்துக்கு முதல் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியேதான் இப்போதும் இருக்கிறது. கெட்டுப்போகிற மாதிரிக் காட்டியவன் நான்.

நேரில் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் முயற்சி செய்தேன். ஒரு தரம் நீ வாட்டர்லூ யூனிவர்சிற்றியில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கின வெள்ளிக்கிழமை, காருக்குள் வைத்து, "மகன், உன்ட கண் விஷயமா..." என்று தொடங்கினேன். நீ உடனே, "பயப்பிடாதீங்க அப்பா, எனக்குப் பயம் இல்ல" என்றாய். அதற்குப் பிறகு வெக்ஸ்போர்ட்டில் வீட்டு வாசல் வரும்வரைக்கும் நான் பனி டயர் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். மற்றத்தரம் றிச்மண்ட் ஹில் கோயிலில். கட்டி முடியாத கோயில் என்றாலும் உள்ளே பிள்ளையார் இருக்கிறார், அவருக்கு முன்னால் வாய் தானாய்த் திறக்கும் என்று நினைத்தேன். வாய் திறந்தது, சர்க்கரைப் பொங்கலுக்கு. கடைசியில் அம்மாதான் சொன்னா: "வாயால சொல்ல வக்கில்லாட்டி எழுதிக் குடுங்க. பத்தாம் வகுப்பு வரைக்கும் போன நீங்கதானே." பத்தாம் வகுப்பு இரண்டு தரம் போனேன் என்பதை அவ மறந்துவிட்டா. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்துப் பிழையை விடப் பெரிய பிழைகள் இதற்குள் இருக்கின்றன.

எண்பத்துமூன்றில் கலவரம் நடந்த அடுத்த வருடம், மாமா எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது உனக்குப் பதினாறு வயது. மட்டக்களப்பில் நீ போட்டிருந்த கண்ணாடி சோடாப் போத்தலின் அடியைப்போல இருக்கும். மாமா எழுதின கடிதத்தில் ஒரு வரி இருந்தது: விசாவுக்கு மெடிக்கல் கடுமை, கண், பல், நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். மனிசன் எழுதினது பார்ப்பார்கள் என்று. நான் வாசித்தது கழிப்பார்கள் என்று. கொழும்பில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில் பக்கத்து அறைக்காரர் வேறு, கண் பவர் கூடின பெடியன் ஒருத்தனை விடவில்லையாம் என்று சொன்னார். எந்தப் பெடியன், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. பயந்தவன் கேள்வி கேட்கமாட்டான், கேட்டால் பயம் போய்விடுமே.

மெடிக்கலுக்கு முதல்நாள் நான் தனியாக அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்து, சுவரில் தொங்கின எழுத்து மட்டையைப் பார்த்து ஒரு சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதினேன். நான் சிகரெட் குடிக்கிறவன் இல்லை, எழுதுவதற்காகத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். எட்டு வரி. பின்னேரம் முழுக்க நீ அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினாய். அடுத்தநாள் கிளினிக் வாசலில் உன் கண்ணாடியைக் கழற்றி என் சேட்டுப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைக் கூட்டிப் போகிறமாதிரி உன் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். டொக்டர் ஒரு வயதான பறங்கி மனிதர். அவர் பிரம்பை எடுத்து மட்டையில் வைக்குமுன்னமே நீ முதல் வரியில் தொடங்கி எட்டாவது வரிவரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாய். அவர், "மெதுவா தம்பி, நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் பொக்கெற்றில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் காலைப் பார்த்தார். கடதாசியில் கண் நோர்மல் என்று எழுதினார்.

அன்றைக்கு நான் அந்த மனிதரைக் கடவுள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவருக்கு அது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. அவருடைய மூக்கிலேயே உன்னுடையதை விடத் தடித்த கண்ணாடி ஒன்று இருந்தது. பிறகு விசா தந்த வெள்ளைக்காரரும் கண்ணாடிக்காரர். இதெல்லாம் என் கண்ணில் படவேயில்லை. எங்கள் வீட்டில் உண்மையான குருடன் யார் என்று நீயே முடிவு செய். நான் செய்த கெட்டித்தனம் இன்னும் ஒன்று: அந்த டொக்டரிடம் கெஞ்சி மெடிக்கல் கடதாசியில் ஒரு கொப்பி வாங்கி ஃபைலில் வைத்தேன். கடதாசி என்று ஒன்று இருந்தால் அதை ஃபைலில் போடாமல் எனக்கு நித்திரை வராது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயம் இன்னும் கூடிவிட்டது. கையில் நோர்மல் என்று கடதாசி, முகத்தில் சோடாப் போத்தல். யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்? உன் கண்ணாடியை வாங்கி, கடதாசியில் சுற்றி, குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். ரொறன்ரோவில் இறங்கும்போது, "அப்பா, லைற் எல்லாம் தெரியுதா?" என்று கேட்டாய். "ஓம் மகன், நிறையத் தெரியுது" என்றேன். வெளியே வந்ததும் நீ ஓடிப்போய் ஒரு போர்த்துக்கேயரைக் கட்டிப்பிடித்து "மாமா" என்றாய். அந்த மனிதரும் நல்லவர், திரும்பக் கட்டிப்பிடித்தார். மாமா பக்கத்தில் நின்று, "மருமகனுக்கு நான் இவ்வளவு வெள்ளையாயிற்றனா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஆறு கிழமை நீ கண்ணாடி இல்லாமல் இருந்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதுவரைக்கும் உனக்கும் தெரிந்த கதை. தெரியாதது இனித்தான்.

ஆறு கிழமைக்குப் பிறகு வெக்ஸ்போர்ட்டில் கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்தக் கிழவரிடம் உன்னைக் கூட்டிப் போனேன். கண் பார்க்கிறவரும் அவரே, கண்ணாடி செய்கிறவரும் அவரே. பார்த்துவிட்டு இரண்டு கண்ணுக்கும் பன்னிரண்டரை என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். உன்னை வெளியே இருத்திவிட்டு நான் அவரிடம் போய், ஐந்து போடுங்கோ போதும் என்றேன். கிழவர் தன் காதை ஒருதரம் தட்டிப் பார்த்தார். "பாதிகூட இல்லையே, பிள்ளைக்குத் தெரியாதே" என்றார். எங்கள் ஊர் ஆட்களுக்கு மெதுமெதுவாய்த்தான் கூட்டவேண்டும், ஒரேயடியாய்ப் போட்டால் தலை தாங்காது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அடித்துவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் செய்து தந்தார். உன்னிடம் வந்து நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: "ஊரில கண்ணாடி தந்தவன் பிழையாக் கூடப் போட்டிற்றான் மகன். உனக்கு உண்மையில அஞ்சுதான்." நீ நம்பினாய். ஆறு கிழமை ஒன்றுமே தெரியாமல் இருந்த பிள்ளை, எதைப் போட்டாலும் தெரிகிறது என்றுதான் சொல்லும்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். என் மூளைக்குள் ஒரு உத்தியோகத்தர் இருந்தார். அவர் ஒருநாள் கதவைத் தட்டுவார், மெடிக்கல் கடதாசியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் உன் கண்ணாடியைக் கழற்றி அளந்து பார்ப்பார். நோர்மலில் இருந்து ஐந்து என்றால் வளருகிற பிள்ளை, நம்பலாம். ஆறு கிழமையில் பன்னிரண்டரை என்றால் எந்த மடையன் நம்புவான்? குடும்பத்தோடு பிளேன் ஏறு என்று சொல்லிவிடுவார். நான் பிறம்ரன் ஃபக்டரியில் இரும்பு கடைகிற லேத் மெஷினில் நிற்கிறவன். இரும்பை ஒரேயடியாய் ஆழமாய் வெட்டினால் அலகும் போகும், வேலையும் போகும். கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் எடுக்கவேண்டும். அந்தத் தொழிலை உன் முகத்தில் செய்தேன். முதல் வருடம் ஐந்து. அடுத்த வருடம் ஏழு. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் கண் சோதனையில் நீ இரண்டு தரம் தவறின பிறகு பத்து. பிறகு பதினொன்று. ஒவ்வொரு தரமும் கிழவர் உண்மை நம்பரைத் துண்டில் எழுதித் தருவார், நான் அதை மடித்து ஃபைலில் ஒளித்துவைத்துவிட்டு உன்னிடம் வந்து, "கொஞ்சம் கூடியிருக்காம் மகன்" என்பேன்.

கணக்கு வாத்தியார் ஒருதரம் கடிதம் எழுதினாரே, பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதில்லை, கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று. அந்தக் கடிதத்துக்கு நான் உன்னை ஏசினேன். அடிக்கவில்லை, ஏசினேன். அன்றைக்கு நீ, "எனக்கு இங்கிலிஷ் விளங்குதில்ல போல அப்பா" என்றாய். விளங்காமல் இல்லை மகன், கண் தெரியாமல். உன்னோடு தொடங்கினவர்கள் உனக்கு ஒரு வருடம் முன்னால் பள்ளிக்கூடம் முடித்தார்கள். அந்த வருடத்தை எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் அந்தோணியாரே பிள்ளையாரே என்று எல்லா வாசலிலும் உனக்காக நேர்த்தி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு நீயாகவே ஒப்பரேஷன் பற்றி விசாரிக்கத் தொடங்கினாய். கண்ணில் ஒட்டிக் கழற்றுகிற கொன்ராக்ட் லென்ஸ் உனக்கு ஒத்துவரவில்லை, கண் சிவந்து வீங்கிவிட்டது. ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "காலையில எழும்பிக் கட்டில்ல இருந்தபடியே மணிக்கூட்டைப் பாக்கணும் அப்பா. அவ்வளவுதான்." பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அதனால்தான் உன்னோடு அந்த டொக்டரிடம் வந்தேன்.

அன்றைக்கு அவர் நேரம் எடுத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார், நான் பாதியை விளங்கிக்கொண்டேன். விளங்கின பாதியை எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. ஒன்று கீறுகிறது: கருவிழிக்கு மேலே இருக்கிற தெளிந்த தோலில், நடுவை விட்டுவிட்டுச் சுற்றிவரச் சைக்கிள் சில்லுக் கம்பிகளைப்போலக் கீறிவிட, நடு தட்டையாகி நம்பர் இறங்கும். சின்ன நம்பர்காரருக்குச் சரி. உன் நம்பருக்கு அது எட்டாது, கீறின பிறகும் கண்ணாடி போடவேண்டும். இரண்டாவது தைக்கிறது: இறந்துபோன ஒருவர் தானம் கொடுத்த கண்ணின் தோலை உன் அளவுக்குச் செய்து, உன் கண்ணுக்கு மேலே ஒட்டுப் போடுகிறமாதிரி நூலால் தைப்பது. பிடிக்காவிட்டால் கழற்றலாம், ஆனால் பார்வை தெளிய மாதக்கணக்காகும், சிலருக்கு எதிர்பார்த்த அளவுக்குத் தெளியாமலே போகும். அப்போது நான், எங்கள் நாட்டில் இருந்தும் தானக் கண்கள் வெளிநாட்டுக்குப் போகிறதாம், எங்களை விட அதுகளுக்கு விசா சுகமாய்க் கிடைக்கும் என்று ஒரு பகிடி விட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. நீ மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவதில்தான் நான் கதிரையின் நுனிக்கு வந்தேன். தச்சன் சீவுளியால் சீவுகிறமாதிரி உன் கண்ணின் தோலையே வட்டமாய் மெல்லிசாக ஒரு சீவு சீவி எடுத்து, அதை உறையவைத்து, லேத்தில் கடைந்து, திரும்ப அதே இடத்தில் தைப்பதாம். லேத்தில்! "என்ன லேத்?" என்று கேட்டேன். "எவ்வளவு வேகம்? உறைஞ்ச சாமான் பிடியில நழுவாதா?" என்று கேட்டேன். மனிசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை என்றார். பத்து நிமிடம் நாங்கள் இரண்டுபேரும் லேத் பேசினோம், நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் தோலின் முழுத் தடிப்பே அரை மில்லிமீற்றர்தானாம். எங்கள் இத்தாலிக்காரச் சுப்பவைசர், திங்கட்கிழமை காலையில் நான் கடைகிறதை மட்டும் எடுத்துத் தனியாய் அளந்து பார்ப்பார், ஞாயிறு விருந்தில் குடித்தது அதில் தெரியுமாம். அதை நினைத்ததும் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டேன். நான்காவது, கண்ணுக்குள் இருக்கிற வில்லையையே எடுத்துவிடுவது, வயதானவர்களுக்குப் புரை எடுப்பதுபோல. உன் நம்பருக்கு அது நன்றாகப் பொருந்தும், ஆனால் இருபது வயதிலேயே வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். உன்னைப்போல நீண்ட கண்களில் பின்பக்கத்துத் திரை கழன்றுபோகிற ஆபத்தும் இருக்கிறது. கழன்றால் பார்வையே போகலாம். இதைவிட, ஒளியாலேயே தோலைச் சீவுகிற மெஷின் ஒன்றை எங்கேயோ பரிசோதிக்கிறார்களாம், அது வரச் சில வருடங்கள் பிடிக்கும் என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதில் எதைச் செய்வதென்றாலும் நம்பர் ஒரே இடத்தில் நிற்கவேண்டும், பழைய கண்ணாடிகள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதாவது! நான்கு கண்ணாடியையும் ஒரு கடதாசிப் பையில் போட்டுக்கொண்டுதானே வந்திருந்தேன். நர்ஸ் பிள்ளை ஒவ்வொன்றாய் மெஷினில் வைத்து அளந்து எழுதியது: ஐந்து, ஏழு, பத்து, பதினொன்று. அன்றைக்கு உன் கண்ணில் அளந்தது பதின்மூன்று. டொக்டரின் முகம் மாறியது. அதற்கு முதல் என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் ஃபைலைத் திறந்து மெடிக்கல் கொப்பியை நீட்டினேன். நோர்மல். எப்போதிருந்து கண்ணாடி என்று கேட்டார். "கனடா வந்த பிறகு" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மேசைக்குக் கீழே என் சப்பாத்தால் உன் சப்பாத்தைத் தொட்டேன். நீ திரும்பவும் நிலத்தைப் பார்க்கத் தொடங்கினாய்.

அந்த மனிதரில் பிழை இல்லை. நாலு வருடத்தில் நோர்மலில் இருந்து பதின்மூன்றுக்கு ஓடுகிற கண்ணை எந்த டொக்டர் பார்த்தாலும் பயப்படுவார். கண் பின்பக்கமாய் நீண்டுகொண்டு போகிறது, இப்படியே போனால் திரை கிழியும், மற்ற ஒப்பரேஷன் எல்லாம் பிறகு, முதலில் கண்ணுக்குப் பின்னால் தானத் திசுவால் ஒரு பட்டி வைத்துத் தாங்கவேண்டும் என்றார். திகதியும் தந்தார். அதாவது மகன், நீளாத கண்ணை நீளாமல் பிடிக்க ஒரு பட்டி. திரும்பி வரும்போது காருக்குள் நீ, "அப்பா, நான் குருடாப் போயிருவனா?" என்று கேட்டாய். "சீச்சீ" என்றேன். சொல்லவேண்டிய எவ்வளவோ இருக்க அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகும் இரண்டு கிழமை நான் வாய் திறக்கவில்லை. வேலையிடத்தில் என்னோடு நிற்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம், என் கதையை வேறு யாருடையதோ கதை மாதிரிச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார். "அண்ணை, கண்ணாடி போட்டவனை எடுக்கமாட்டம் எண்டால் இந்த நாட்டுப் பாராளுமன்றமே வெறுமையாய்க் கிடக்கும். உங்கட சிநேகிதருக்கு உந்தக் கதையை ஆர் சொன்னது?"

"லொட்ஜில பக்கத்து அறைக்காரர்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"தெரியாது."

"நல்ல சிநேகிதர் அண்ணை உங்களுக்கு. சுகம் விசாரிச்சதெண்டு சொல்லுங்கோ."

அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. அப்படியும் எனக்குத் துணிவு வரவில்லை. வரவைத்தது வேறொன்று. போன முறை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா சமையலறையில் இருந்து உன்னைப் பார்த்திருக்கிறா. நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினாயாம், இறங்கும்போது வாய்க்குள் எண்ணினாயாம். பதின்மூன்று என்று முடித்துவிட்டுத் திரும்ப மேலே ஏறி முதலில் இருந்து தொடங்கினாயாம். அம்மா கையில் இருந்த அகப்பையோடு வந்து என்னிடம் சொன்னா: "இஞ்ச பாருங்க, பிள்ள குருடாகுறத்துக்குப் பழகுறான்." நான் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் அவவிடம் சொன்னேன். எழுத்து மட்டையைப் பாடமாக்கினது அவவுக்குத் தெரியும், நம்பரைக் குறைத்துப் போட்டது தெரியாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினதைத் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன், அது பேச்சில் கொஞ்சம்தான். மிச்சத்தை எழுதினால் கடிதம் இன்னும் நீளும்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டொக்டரிடம் போனேன். தெரு நீளத்துக்கும் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், உள்ளே போனதும் ஒரு வசனமும் வரவில்லை. ஒளித்து வைத்திருந்த நாலு துண்டையும் மேசையில் வரிசையாய் வைத்தேன். பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். பதின்மூன்று. பதின்மூன்று. அந்தக் கடை இப்போது இல்லை, கிழவரும் இல்லை, ஆனால் துண்டுகளில் கடையின் முத்திரையும் திகதியும் இருந்தன. டொக்டர் அவற்றையும் நர்ஸ் எழுதின கண்ணாடி நம்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஏன் என்றார். சொன்னேன். லொட்ஜ், சிகரெட் பெட்டி, குப்பைத்தொட்டி எல்லாம் சொன்னேன். என் இங்கிலிஷில் அது பகிடிக் கதை மாதிரித்தான் இருந்திருக்கும், ஆனால் அந்த மனிதர் சிரிக்கவில்லை. "தேவையில்லாத ஒன்றை உங்கள் மகனுடைய கண்ணுக்குப் பின்னால் வைத்துத் தைத்திருப்பேன்" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

உத்தியோகத்தர் யாருக்கும் அறிவிப்பீர்களா என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் முதலில் கேள்வியை விளங்காமல் பார்த்தார், பிறகு தான் கண் பார்க்கிறவர், கதவு பார்க்கிறவர் இல்லை என்றார். பட்டியை நிறுத்திவிட்டார். கீறுகிறதா, தைக்கிறதா, கடைகிறதா, வில்லையை எடுக்கிறதா, ஒன்றும் செய்யாமல் இருக்கிறதா என்பதைத் தான் உன்னோடு பேசுவதாகச் சொன்னார். உன்னோடு மட்டும். "அவருக்கு இருபது வயது. அடுத்தமுறை அவர் தனியாக வரட்டும்" என்றார். எனக்கு அது சுட்டது. ஆனாலும் நியாயம்.

அதனால் எந்த ஒப்பரேஷன் நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. லேத் என்ற சொல்லைக் கேட்டால் என் மனம் ஒரு பக்கம் சாயும், தெரியும்தானே, அந்தச் சாய்வை நம்பாதே. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த அறைக்குள் உனக்கு ஒன்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லு. மங்கலாய் இருந்தால் மங்கல் என்று சொல்லு. டொக்டருக்குப் பிடிக்கும், அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதற்காகத் தெரிகிறது என்று சொல்லாதே. கழற்றக்கூடியது எது, திரும்ப வைக்க முடியாதது எது என்று ஒவ்வொன்றுக்கும் கேள். இதற்குப் பயம் என்று பெயர் இருந்தால் இருக்கட்டும். கேள்வி கேட்கிற பயம் நல்ல பயம், என்னுடையது கேட்காத பயம்.

ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று ஒரு வருடமாய்க் கேட்கிறார்கள். நீ ஓம் என்றால் இதைப் பெயர் போடாமல் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கோயிலில் விசாரித்துப் பார்த்ததில் இன்னொரு தகப்பன் தன் மகளின் காது கருவியைக் கழற்றிவைத்து மெடிக்கலுக்குக் கொண்டுபோனதாய்ச் சொன்னார். எங்களைப்போல் எத்தனைபேர் இருக்கிறார்களோ தெரியாது. நீ வேண்டாம் என்றால் போடவில்லை, மலருக்குப் பனி டயர் பற்றி எழுதிக் கொடுக்கிறேன்.

உன் கூட்டாளியின் காரில் அம்மா அனுப்பின சாப்பாட்டுப் பெட்டிக்குள், மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில், துணியில் சுற்றி ஒரு கண்ணாடி இருக்கிறது. டொக்டர் எழுதித் தந்த நம்பர், குறைக்காமல் செய்வித்தது. கடைக்காரர் தடிப்பாய் வருமே, பரவாயில்லையா என்று கேட்டார், பரவாயில்லை என்றேன். முதல் இரண்டு மூன்று நாள் எல்லாம் சின்னதாய், தள்ளி நிற்கிறமாதிரித் தெரியுமாம், தலையும் சுற்றுமாம், பிறகு பழகிவிடுமாம். அதைப் போட்டுக்கொண்டு முதலில் எதைப் பார்த்தாய் என்று அறிய எனக்கு ஆசை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அப்பா